கலமுடைந்தவர் வரைந்த கடல்வழி: ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் கடலோடி ஒருவரின் வரலாறு இடம் பெறுவது கண்டு அன்பர்கள் சிலர் வியப்புறலாம். முதலமடையில் வாழும் நமக்குத் தென்புறம் நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் மலைகள், கண்ணெதிரே மாந்தோப்புகள், நீர்ப்பரப்பு என்றால் மீன்கரை அணையும் சுள்ளியாறு அணையுமே. அலையோசை நம் செவிக்கு எட்டுவதில்லை. ஆயினும் கடலுக்கும் நமக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து நம் கூரைகளை உலுக்கிச் செல்லும் மேல்காற்று, அரபிக்கடலிலிருந்து வரும் காற்றே ஆகும். அத்தகைய பருவக் காற்றுகளை நம்பியே பாய்மரக் கப்பல்கள் ஓடின. மேலும், நம்மைப் போலவே பிழைப்பை நாடி ஊர்விட்டுப் புறப்பட்ட தமிழர் எத்தனையோ பேர் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறினர். அவர்களை ஏற்றிச் சென்ற கலங்கள் கரை சேர்ந்தன என்றால், அதற்குப் பின்னே சிலருடைய வாழ்நாள் உழைப்பு இருந்தது. அச்சிலருள் தலையாயவர் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க்.

கடல்விபத்து தமிழருக்குப் புதிய செய்தியன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் சாதுவன் கதையை நாம் அறிவோம். புகார் நகரத்து வணிகனான அவன், கலம் உடைந்து, ஒடிந்த பாய்மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையை அடைகிறான். உயிர் தப்பியவன் தன் நலம் ஒன்றையே கருதி மீளவில்லை. இனி உடைந்த கலத்திலிருந்து உயிரோடு வந்து சேர்வோரைக் கொல்லாது காக்க வேண்டும் என்று நாகர் தலைவனிடம் கேட்டுப் பெற்ற பின்னரே அவன் ஊர் திரும்புகிறான். தான் பட்ட துன்பம் தனக்குப் பின் வருவோருக்கு நேரக்கூடாது என்னும் அந்த எண்ணத்தையே தம் வாழ்வாகக் கொண்ட ஒருவர், பல நூற்றாண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில் பிறந்தார்.

ஸ்காத்லாந்து நாட்டில் பைஃப் என்னும் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர் ஈலி. அவ்வூரில் 1762ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் எளிய குடும்பமொன்றில் ஹார்ஸ்பர்க் பிறந்தார். பதினாறாம் வயதில் நிலக்கரி ஏற்றும் கப்பலொன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். 1780இல் அவர் சென்ற கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றவே, டன்கர்க் நகரில் சிறையிருக்க நேர்ந்தது. விடுதலை பெற்ற பின் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று வந்தார். 1784இல் கல்கத்தாவை அடைந்து, கீழைக்கடல்களில் வாணிகஞ் செய்த கப்பல்களில் பணி ஏற்றார். பெரிய பள்ளியும் கல்லூரியும் அவருக்கு வாய்க்கவில்லை. கப்பலின் மேல்தளமே பள்ளி, விண்மீன்களே ஆசிரியர்.

1786ஆம் ஆண்டு மே மாதம். இருபத்து மூன்றே வயதான ஹார்ஸ்பர்க், அட்லஸ் என்னும் கப்பலில் முதல் துணை மீகாமனாக அமர்ந்து, பத்தேவியாவிலிருந்து இலங்கை நோக்கி வந்துகொண்டிருந்தார். கையில் இருந்த கடற்படம் காட்டிய வழியை நம்பியே கப்பல் ஓடிற்று. ஆனால் அப்படம் பிழையானது. குமரிமுனைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் தொலைவில், பவளப்பாறைகள் சூழக் கிடக்கும் தியகோ கார்சியாத் தீவில் மே 30ஆம் நாள் அட்லஸ் மோதி அழிந்தது. அழிவுக்குக் காரணம் புயலும் அன்று, மாலுமிகளின் சோம்பலும் அன்று. யாரோ ஒருவர் எங்கோ அமர்ந்து தவறாக வரைந்த ஒரு கோடு.

உயிர் பிழைத்த ஹார்ஸ்பர்க் பம்பாயை அடைந்து மீண்டும் கப்பலேறினார். மற்றொருவராயின் விதியை நொந்திருப்பார். அல்லது படம் வரைந்தவரைப் பழித்திருப்பார். இவரோ அன்றுமுதல் தாம் கண்ட ஒவ்வொரு தீவையும், திட்டையும், நீரோட்டத்தையும், நங்கூரமிடத் தக்க இடத்தையும் அளந்து எழுதி வைக்கலானார். ஓய்வு வேளைகளில் கணிதமும் படம் வரைதலும் தாமே கற்றார். பம்பாய், வங்காளம், சீனம் ஆகிய துறைகளுக்கிடையே ஓடிய கப்பல்களில் பணிபுரிந்துகொண்டே, மக்காசார் நீரிணை, பிலிப்பைன் தீவுகளின் மேற்கரை முதலிய பகுதிகளுக்குப் புதிய கடற்படங்கள் வரைந்தார். அவை இலண்டனில் இருந்த அலெக்சாண்டர் டால்ரிம்பிளின் கைக்குச் சென்று, கிழக்கிந்தியக் கும்பெனியின் செலவில் அச்சேறின. இந்த டால்ரிம்பிளும் நமக்கு அயலாரல்லர். இளமையில் சென்னைக் கோட்டைக்கு எழுத்தராக வந்து, பிற்காலத்தில் கும்பெனியின் கடற்படத்துறைத் தலைவராக உயர்ந்தவர்.

அக்காலத்துக் கடற்படங்கள் பிழைபட்டமைக்குக் காரணம் யாது? வடக்கு தெற்காக இருக்கும் நிலையை நண்பகற் சூரியனின் உயரங்கொண்டு மாலுமி எளிதில் அறியலாம். கிழக்கு மேற்காகத் தீர்க்கரேகையை அறிவதுதான் அரிது. அதற்குத் தாம் இருக்கும் இடத்து நேரமும், நிலையான வேறோர் இடத்து நேரமும் ஒருங்கே தெரிந்திருத்தல் வேண்டும். நான்கு நிமிட நேரப் பிழை, நிலநடுக்கோட்டருகே ஏறத்தாழ 111 கிலோமீட்டர் தூரப் பிழையாகிவிடும். அவ்வளவு தூரத்தில் பாறை இருக்கிறதென்று எண்ணிய மாலுமி, இருளில் அப்பாறையின் மேலேயே ஏறிவிடுவான். ஹார்ஸ்பர்க் வான்நோக்குக் கடிகாரமொன்றை விலைக்கு வாங்கி, பம்பாயிலும் காண்டனிலும் தங்கிய நாள்களில் கரையில் நிறுவினார். வியாழனின் துணைக்கோள்கள் மறைவதையும் வெளிப்படுவதையும் தொலைநோக்கியால் நோக்கித் தம் காலமானிகளைச் சரிபார்த்தார். வணிகக் கப்பலின் தலைவர் ஒருவர், சரக்கிறக்கும் இடைவேளையில் செய்த பணி இது.

1798இல் அவர் அன்னா என்னும் கப்பலுக்குத் தலைவரானார். சீனத்துக்கும் வங்காளத்துக்கும் சென்னைக்கும் பம்பாய்க்கும் இங்கிலாந்துக்குமாக அக்கப்பல் ஓடிற்று. 1802 முதல் 1804 வரை இடைவிடாது பாரமானியை நோக்கிக் குறிப்பெழுதியமை அவர்தம் பொறுமைக்குச் சான்று. வெப்பக்கடல்களில் காற்றின் அழுத்தம் நாள்தோறும் இருமுறை உயர்ந்து இருமுறை தாழ்கிறது என்பதை அக்குறிப்புகள் காட்டின. முற்பகலிலும் முன்னிரவிலும் உயர்வு. மாலை நான்கு மணியளவிலும் விடியற்காலை நான்கு மணியளவிலும் தாழ்வு. கடலின் நாடித்துடிப்பு என இதனைக் கூறலாம். நாடியின் இயல்பை அறிந்த மருத்துவனே நோயின் வரவை உணர்வான். அதுபோல் இவ்வொழுங்கை அறிந்த மாலுமியே அது குலையும்போது புயல் வருவதை உணர்ந்து பாய்களைச் சுருட்டுவான். இலண்டன் இராயல் கழகம் இக்கண்டுபிடிப்பை 1805இல் வெளியிட்டு, மறு ஆண்டில் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

1805இல் அவர் தாயகம் திரும்பித் திருமணம் செய்துகொண்டு கரையில் தங்கினார். கடலிலோ அழிவு ஓயவில்லை. 1807 ஜனவரி 12ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட பிளென்ஹைம் என்னும் முதிய போர்க்கப்பல், கடற்படைத் தலைவர் சர் தாமஸ் டிரூபிரிட்ஜையும் நூற்றுக்கணக்கான மாலுமிகளையும் சுமந்து நன்னம்பிக்கை முனைக்குச் சென்றது. உடன் சென்றது ஜாவா என்னும் கப்பல். பிப்ரவரித் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெருங்கடலில் வீசிய புயலில் இரண்டும் கண்மறைந்தன. தந்தையைத் தேடி மகன் கப்பலில் அலைந்தும் ஒரு துரும்பும் கிடைக்கவில்லை. 1809இல் இலங்கையின் காலித் துறையிலிருந்து புறப்பட்ட கூட்டத்தில் நான்கு பெருங்கப்பல்கள், மார்ச் மாதப் புயலில் மொரீசியசுத் தீவுப் பக்கம் மூழ்கின. 1811 மே 2ஆம் நாள் சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த டோவர் போர்க்கப்பல் உள்ளிட்ட கலங்கள் புயலால் கரையில் மோதிச் சிதைந்தன. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. செயற்கைத் துறைமுகப் பணி 1870களின் நடுவில்தான் தொடங்கிற்று. திறந்த கடலில் நின்ற கப்பல்களுக்கும் கரைக்குமிடையே, அலைகளைக் கிழித்து மசூலாப் படகுகளையும் கட்டுமரங்களையும் செலுத்தியவர் நம் மீனவரே.

இவ்விபத்துகளில் கப்பல் தலைவர்களின் பெயர்கள் ஏடுகளில் நிற்கின்றன. அடித்தளத்தில் உழைத்த இலஸ்கர்கள் பெரும்பாலோரின் பெயர்கள் நிற்கவில்லை. அவர்களும் ஒரு வீட்டின் பிள்ளைகள். அவர்களுக்காகவும் யாரோ ஒரு தாய் விளக்கேற்றிக் காத்திருந்திருப்பாள். நல்ல கடற்படம் தலைவனை மட்டும் காப்பதன்று. ஒரு பாறையின் இருப்பிடம் சரியாகக் குறிக்கப்பட்டால், கப்பலிலுள்ள அனைவரும் ஒருங்கே பிழைக்கிறார்கள்.

இதனை உணர்ந்தவர் ஹார்ஸ்பர்க். கீழைக்கடல்களில் தாம் பெற்ற 21 ஆண்டுப் பட்டறிவையும், கும்பெனி மாளிகையில் குவிந்து கிடந்த கப்பல் நாட்குறிப்புகளையும் ஒப்புநோக்கி, பெருநூல் ஒன்றை இரு பாகங்களாக 1809 முதல் 1811க்குள் வெளியிட்டார். இந்தியா, சீனம், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளுக்குச் செல்லும் கப்பல்களுக்கு எவ்விடத்தில் ஆழம் எவ்வளவு, எம்மாதத்தில் எக்காற்று, எந்நீரோட்டம் எத்திசை, எம்மலையைக் கண்டால் எப்பக்கம் திரும்புவது என்பனவெல்லாம் அதில் அடங்கின. பிற்காலத்தில் ‘இந்தியா டைரக்டரி’ என்று வழங்கிய அந்நூல், அரை நூற்றாண்டுக்கு மேல் கீழைக்கடல் மாலுமிகளின் கைவிளக்காயிற்று.

டால்ரிம்பிள் 1808இல் மறைந்தார். அவர் வகித்த கும்பெனியின் கடற்படத்துறைப் பதவி 1810இல் ஹார்ஸ்பர்க்கை அடைந்தது. தவறான படத்தால் கலமிழந்த இளைஞர், படங்களைத் திருத்தும் இடத்திலேயே அமர்ந்தார். இருபத்தாறு ஆண்டுகள் அப்பணியிலேயே அவர் வாழ்நாள் கழிந்தது. தாம் எழுதியதே முடிந்த முடிபு என்று அவர் கருதவில்லை. புதிய அளவைகள் வர வர, நூலைத் திருத்தித் திருத்தி மறுபதிப்புகள் செய்தார். 1816இல் கடற்புயல்களை முன்னறிவதற்கான வானிலைப் பதிவேடு ஒன்றையும் வெளியிட்டார். 1836 மே 14ஆம் நாள், தம் 73ஆம் வயதில் காலமானார்.

இங்கே உண்மையொன்றை மறைத்தல் தகாது. ஹார்ஸ்பர்க் ஊழியம் செய்தது கும்பெனிக்கு. அவர் திருத்திய வழிகளில் நம் நாட்டுச் செல்வம் வெளியேறிற்று. சீன மக்களைக் கெடுத்த அபினியும் சென்றது. அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பப் பொருள் தந்த காண்டன் வணிகருள்ளும் அபினி வாணிகம் செய்தோர் இருந்தனர். இவற்றை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆயினும் கடற்பாறை ஆள்வோன் கலம், ஆளப்படுவோன் கலம் என்று வேற்றுமை பார்ப்பதில்லை. அதைக் காட்டிய படமும் அவ்வாறே. ஏவியவர் நோக்கம் எதுவாயினும், காக்கப்பட்ட உயிர் உயிரே.

அந்நினைவுச்சின்னம் சிலையாகவோ மண்டபமாகவோ எழவில்லை என்பது போற்றத் தக்கது. சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாயிலில், கப்பல்கள் பல மோதிய வெண்பாறை ஒன்று உண்டு. பெட்ரா பிராங்கா என்பது அதன் பெயர். அப்பாறைமேல், ஜான் டர்ன்புல் தாம்சன் என்னும் பொறியாளர் மேற்பார்வையில், 1850 மே 24இல் அடிக்கல் நாட்டப்பட்டது. புலாவ் ஊபின் தீவிலிருந்து கருங்கல் கொணர்ந்து, சீனக் கல்தச்சர்களின் உழைப்பால் எழுந்த கலங்கரை விளக்கம், 1851 அக்டோபர் 15ஆம் நாள் ஒளிவீசத் தொடங்கிற்று. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் என்னும் பெயரோடு இன்றும் அது அங்கே நிற்கிறது. அப்பாறை சிங்கப்பூருக்கே உரியது என்று 2008ஆம் ஆண்டு அனைத்துலக நீதிமன்றம் தீர்ப்பளித்ததை அன்பர்கள் நினைவுகூரலாம். ஒரு படப்பிழையால் கலமிழந்தவரின் பெயர், பிறர் கலங்களைக் காக்கும் ஒளிக்கு இடப்பட்டது என்பதைவிடப் பொருத்தமான சிறப்பு வேறுண்டோ?

நாமும் ஒரு வகையில் கடலோடிகளே. சொந்த ஊரை விட்டு இவ்வெல்லைப்புறத்தில் குடியேறிய நம் முன்னோர், எவ்வழியில் வேலை கிடைக்கும், எங்கே கடன் கழுத்தை நெரிக்கும், பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது என்பவற்றை இடறி விழுந்தே அறிந்தனர். அவ்வறிவு அவர்களோடு மறைந்துபோனால், அடுத்து வரும் குடும்பம் அதே பாறையில் மோதும். துன்பத்தை மறைப்பதில் பெருமை இல்லை. அது நேர்ந்த இடத்தைக் குறித்துக் காட்டுவதிலேயே பெருமை உண்டு. நம் குடியிருப்பின் பெரியோர் தாம் கண்டதைச் சொல்லவும், இளைஞர் அதனை எழுதி வைக்கவும் இவ்வாண்டு விழா தொடக்கமாகுமானால், நாகர் மலையில் சாதுவன் செய்ததும், தியகோ கார்சியாவுக்குப் பின் ஹார்ஸ்பர்க் செய்ததும் நம் முதலமடையிலும் ஓரளவு நிகழும். அங்ஙனம் நிகழ்க என்று வாழ்த்தி அமைகின்றோம்.