சாமுவேல் பிஸ்க் கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் (அக்டோபர் 10, 1822 - மே 28, 1884) இலங்கையின் யாழ்ப்பாணத்தில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மருத்துவரும் மறைப்பணியாளரும் ஆவார்.

வாழ்க்கைச் சுருக்கம்

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845 இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து முதலில் வட்டுக்கோட்டையில் பணிபுரிந்தார். 1848 இல் மானிப்பாய்க்கு மாறினார்.

மருத்துவக் கல்வி

ஒரே மருத்துவரால் குடாநாடு முழுவதற்கும் சிகிச்சை அளிக்க இயலாது என்பதால், 1848 இலேயே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது 1870 இல் தான். மாணவர்கள் பாடநூல்களைக் கற்றதுடன், மருத்துவமனையில் நோயாளிகளைக் கவனித்தும் மருந்து கலந்தும் தொழில் பழகினர்.

தொடக்கத்தில் பயிற்சி ஆங்கிலத்தில் நடைபெற்றது. ஆங்கிலம் கற்றோர் அரசுப் பணியை நாடி வெளியேறுவர் என்றும், தமிழில் கற்போர் தம் ஊர் மக்களிடையே தங்கிப் பணிபுரிவர் என்றும் கிறீன் கருதினார். 1857 இல் தாயகம் சென்றவர் 1862 இல் திரும்பினார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். அவரிடம் பயின்ற 60க்கும் மேற்பட்ட மருத்துவர்களுள் 33 பேர் தமிழில் பயின்றவர்கள்.

தமிழ் மருத்துவ நூல்கள்

தமிழில் கற்பிக்கப் பாடநூல்கள் இல்லாமையால் அவற்றைக் கிறீனே உருவாக்க வேண்டியிருந்தது. அவரிடம் பயின்ற மருத்துவர்கள் சிலரும் மொழிபெயர்ப்பில் பங்கேற்றனர். கலைச்சொற்களை முதலில் தமிழிலும், கிடைக்காதபோது வடமொழியிலும் தேடினர். இரண்டிலும் பொருந்தாதவற்றை ஆங்கில ஒலிப்பிலேயே தமிழ் எழுத்தில் எழுதினர். கெமிஸ்தம் என்னும் வேதியியல் நூலின் பெயர் இதற்கு எடுத்துக்காட்டாகும். இவ்வாறு உருவான நூல்கள் ஏறத்தாழ 4,500 பக்கங்கள் கொண்டவை. அவற்றுள் சில:

* இரண வைத்தியம் (1867) - அறுவை மருத்துவம்
* மனுஷ அங்காதிபாதம் (1872) - உடற்கூற்றியல்
* வைத்தியாகரம் (1872) - பொது மருத்துவம்
* கெமிஸ்தம் (1875) - வேதியியல்

இறுதிக் காலம்

1873 இல் உடல்நலக் குறைவுடன் அமெரிக்கா திரும்பிய பின்னரும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். 1884 இல் வூஸ்டரில் காலமானார். தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியராக இருந்ததைத் தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது.

தாக்கம்

கிறீன் தொடங்கிய தமிழ்வழிப் பயிற்சி அவருக்குப் பின் நெடுங்காலம் நீடிக்கவில்லை. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மருத்துவப் பட்டப்படிப்பு ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகிறது. எனினும், போதிய நூல்களும் கலைச்சொற்களும் உருவாக்கப்பட்டால் தமிழில் மருத்துவம் கற்பிக்க இயலும் என்பதற்கு மானிப்பாய் வகுப்புகள் சான்றாக உள்ளன. மானிப்பாயிலுள்ள மருத்துவமனை கிறீன் நினைவு மருத்துவமனை என்று அவர் பெயரால் வழங்குகிறது.