பென்னிகுவிக்கா, பென்னி குக்கா? 'லோயர் கேம்ப்' பெயருக்குப் பின்னால் இருக்கும் இன்ஜினியரின் கதை

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர் தாண்டி குமுளி மலைப்பாதை ஏறும் முன் வரும் கடைசி ஊர் லோயர் கேம்ப். பஸ் போர்டிலும் அரசு ஆவணத்திலும் அதே பெயர்தான். சுற்றிலும் கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று தமிழ்ப் பெயர்களாக இருக்க, நடுவில் இந்த ஊருக்கு மட்டும் எப்படி ஒரு இங்கிலீஷ் பெயர் வந்தது?

பதில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய கர்னல் ஜான் பென்னிகுவிக்கிடம் போய் நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், அவர் பெயரே ஒரு ஊர்ப் பெயர்தான்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்தில் பெனிகுக் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. குயில் குன்று என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அந்த ஊரை ஒட்டி வந்த குடும்பப் பெயர்தான் இது. இன்றைக்கு ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒரு மாதிரி எழுதுகிறார்கள், குடும்பப் பெயரை வேறு மாதிரி எழுதுகிறார்கள். உச்சரிப்பு மட்டும் 'குக்' என்றே முடிகிறது. தமிழில் பென்னிகுவிக், பென்னிகுயிக், பென்னி குக் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதியவர்களுக்கு 'குவிக்' கிடைத்தது. 'பென்னி குக்' என்று சொல்பவர்கள்தான் உண்மையான உச்சரிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள்!

எட்டு வயது ஆகும் முன்பே...

1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர் ஜான் பென்னிகுவிக். அப்பாவும் ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13-ல் பஞ்சாபில் நடந்த சிலியன்வாலா போரில் அப்பாவும், அதே படையில் இருந்த அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். ஜானுக்கு எட்டு வயது நிறைய அன்றைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அப்படியும் அவர் ராணுவத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தின் அடிஸ்கோம் ராணுவக் கல்லூரியில் படித்து, மெட்ராஸ் பொறியாளர் பிரிவில் சேர்ந்து, 1860-ல் இந்தியா வந்தார்.

மேற்கே ஓடும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் யோசனை அவருடையது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை இதற்காக ஆட்களை அனுப்பிப் பார்த்தார். பணம் இல்லாமல் நின்றுபோனது. பிறகு வந்த ஆங்கிலேய அதிகாரிகளும் அளந்தார்கள், திட்டம் போட்டார்கள், கைவிட்டார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசுக்கு அவசரம் வந்தது. 1882-ல் திட்டத்தையும் மதிப்பீட்டையும் புதிதாகத் தயாரிக்கும் வேலை பென்னிகுவிக் கைக்கு வந்தது.

1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டு குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கருக்கு ஏக்கருக்கு 5 ரூபாய். அடுத்த வருஷம் வேலை தொடங்கியது.

கேம்ப் ஊரானது எப்படி?

அணை கட்டும் இடம் மலை மேலே, நடுக்காட்டில். சாமான் எல்லாம் கீழே இருந்துதான் போக வேண்டும். ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில் கூடலூர் வழியாக மலை அடிவாரம், பிறகு கம்பிவட ரோப்வேயில் தேக்கடி, அதன்பின் நீர்வழியாக அணைப் பகுதி. இந்த நீண்ட வழியில் மலைக்குக் கீழே இருந்த முகாம்தான் 'லோயர் கேம்ப்'. தொழிலாளர்கள் தங்கினார்கள், வண்டிகள் நின்றன, சரக்கு இறங்கியது. ஆட்கள் வாயில் புழங்கிய சொல் அப்படியே ஊர்ப் பெயராக ஒட்டிக்கொண்டது.

வேலை சுலபமாக நடக்கவில்லை. வெள்ளம் கட்டியதை அடித்துப் போனது. மலேரியாவும் காலராவும் வந்தன. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் இறந்தார்கள், அணைக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களில் யார் பெயரிலும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு ஊர் இல்லை. அரசு பணம் தர மறுத்ததால் பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணையை முடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். ஆனால் அந்தக் கால அரசுக் கணக்குகள் இதை அரசுச் செலவில் நடந்த வேலையாகவே காட்டுகின்றன. அந்தக் கதை இல்லாமலே அவர் செய்தது பெரிய காரியம்தான்.

1895 அக்டோபர் 10-ல் மெட்ராஸ் கவர்னர் வென்லாக் அணையைத் திறந்துவைத்தார். கேம்ப் காலியானது. பெயர் காலியாகவில்லை. பிற்காலத்தில் பெரியாறு நீர்மின் நிலையம் அங்கேயே வந்தது, பெயர் இன்னும் உறுதியானது.

பெயரை மாற்ற வேண்டும் என்றால்?

ஒரு ஊர்ப் பெயரை மாநில அரசு நினைத்த மாத்திரத்தில் மாற்றிவிட முடியாது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். அவர்கள் ரயில்வே, தபால் துறை, சர்வே ஆஃப் இந்தியா மூன்றிடமும் ஆட்சேபம் உண்டா என்று கேட்பார்கள். அதே பெயரில் வேறு ஊர் இருக்கிறதா என்பது முக்கியமான கேள்வி. 1953-ல் வகுக்கப்பட்ட வழிகாட்டுதல்கள் இன்றும் இதற்கு அடிப்படை. வரலாற்றோடு ஒட்டிய பெயர்களை முடிந்தவரை மாற்றக் கூடாது, வெறும் மொழிப் பற்றோ உள்ளூர்ப் பற்றோ மட்டும் காரணமாக இருக்கக் கூடாது என்கின்றன அவை.

ஒரே பெயர் சிக்கல் எப்படி இருக்கும் என்று பார்க்க கம்பம் பள்ளத்தாக்கே போதும். இங்கே ஒரு கூடலூர், நீலகிரியில் ஒரு கூடலூர். இங்கே ஒரு கம்பம், ஆந்திராவில் இன்னொன்று, இரண்டுக்கும் ஆங்கில எழுத்துகள்கூட ஒன்றே. மலை ஏறினால் தமிழில் குமுளி, மலையாளத்தில் குமளி.

எழுத்தைச் சீராக்கத் தமிழக அரசு ஒருமுறை முயன்றது. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியானது. கோயம்புத்தூர், வேலூர் எல்லாம் வாயில் நுழையாத நீள எழுத்துகளாக மாறியதாகக் கிண்டல் கிளம்பியது. 'த' என்ற ஒலிக்கு எந்த ஆங்கில எழுத்து, நெடிலுக்கு எத்தனை எழுத்து என்பதில்கூட எல்லோரும் ஒத்துப்போகவில்லை. சில நாட்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

அணைக்குப் பிறகு

பென்னிகுவிக் 1896-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்தார். பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கு வழி சொல்ல ஆஸ்திரேலியா வரை போய் வந்தார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் இறந்தார். அந்த ஊரில் 2022-ல் தமிழக அரசு அவருக்குச் சிலை வைத்தது.

லோயர் கேம்ப்பில் அவரது மணிமண்டபம் 2013 ஜனவரி 15-ல், அவர் பிறந்தநாளில் திறக்கப்பட்டது. தேனி புதிய பஸ் நிலையத்துக்கும் அவர் பெயர்தான். தமிழகத்தில் கட்டபொம்மன், வ.உ.சிதம்பரனார், காமராஜர் என்று மாவட்டங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்களையே 1997-ல் அரசு எடுத்துவிட்டது நினைவிருக்கலாம். பென்னிகுவிக் பெயரோ பள்ளத்தாக்கில் வீடுகளுக்குள் போய்விட்டது, பிள்ளைகளுக்கே வைக்கிறார்கள். பாலார்பட்டியில் பொங்கலும் அவருக்காக வைக்கிறார்கள். அவர் பிறந்தநாள் பொங்கல் நேரத்திலேயே வருவதால் தனியாக நாள் பார்க்க வேண்டிய வேலையும் இல்லை.