நெல்லூருக்கு வேலை தேடிப் போன கணித மேதை

சென்னையில் வடக்கே போகும் ரயிலில் ஏறி, தடாவில் இறங்கி, ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் தமிழர்கள் இன்று ஏராளம். அதே வடக்குத் திசையில், 1910-ம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கும்பகோணத்து இளைஞர் ஒருவர் நெல்லூருக்குப் போனார். பட்டம் கிடையாது. எஃப்.ஏ. பரீட்சையில் தேறாதவர். கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. கக்கத்தில் கசங்கிய நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. கலெக்டரைப் பார்த்து, பிழைப்புக்கு ஒரு வழி கேட்க வேண்டும் என்பதுதான் பயணத்தின் நோக்கம்.

அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

அந்த நாளில் ஆந்திரம், தமிழ்நாடு என்ற பிரிவினை இல்லை. நெல்லூரும் தஞ்சாவூரும் ஒரே சென்னை ராஜதானியில் இருந்தன. சித்தூர் ஜில்லா என்று ஒன்று 1911-ல்தான் உண்டாயிற்று. ஸ்ரீ சிட்டி அமைந்திருக்கும் சத்தியவேடு வட்டாரம் 1960 வரை செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தது. ஆகவே ராமானுஜன் எல்லை எதையும் தாண்டவில்லை. ஆனால் தெரியாத ஊர், வேறு பாஷை, பெரிய அதிகாரியின் வாசல். வேலை தேடிப் போகிறவனுக்கு இந்த மூன்றும் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.

குமாஸ்தா வீட்டுப் பிள்ளை

ராமானுஜன் 22-12-1887 அன்று ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். தகப்பனார் சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதும் குமாஸ்தா. மாதம் 20 ரூபாய் சம்பளம். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். வீட்டில் ஒன்றிரண்டு கல்லூரி மாணவர்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டு, அதிலும் கொஞ்சம் வருமானம் வரும்.

டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் பரிசுகளை அள்ளினார். கும்பகோணம் சர்க்கார் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். அதற்குள் கணிதப் பித்து தலைக்கேறிவிட்டது. மற்றப் பாடங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உபகாரச் சம்பளம் நின்றது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். மகனைக் காணோம் என்று பத்திரிகையில் செய்தி கொடுத்துத் தேட வேண்டியதாயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1907-ல் தனியாக எழுதிய பரீட்சையும் அப்படியே ஆயிற்று. கணிதத்தில் மட்டும் குறைவில்லை.

1909 ஜூலையில் அவருக்கும் ஜானகிக்கும் கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு வயது பத்து. பெண் புக்ககம் வரச் சில வருஷங்கள் ஆகும். ஆனாலும் குடும்பஸ்தன் ஆகியாயிற்று. ஜவுளிக்கடைச் சம்பளத்தில் இனி உட்கார்ந்து சாப்பிட முடியாது. வேலை தேடி ராமானுஜன் புறப்பட்டார்.

டியூஷன் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கலாம் என்று பார்த்தார். அது சரிப்படவில்லை. பாடப் புத்தகத்தில் உள்ளபடி நடத்த அவருக்கு வராது. தமக்குத் தோன்றிய வழியில்தான் சொல்லுவார். பரீட்சைக்குப் படிக்கிற பையனுக்கு அதனால் என்ன பிரயோஜனம்? ஒரு மாணவரிடம் இரண்டு வாரத்துக்கு மேல் அது ஓடவில்லை.

சென்னையில் நண்பர்களின் அறைகளில் மாறி மாறித் தங்கினார். ஒரு சமயம் உடல்நிலை மோசமாகி, ராதாகிருஷ்ண அய்யர் என்ற பழைய தோழரின் இருப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தோழர் வைத்தியரிடம் காட்டி, ஊருக்கு ரயிலேற்றிவிட்டார். கிளம்பும் முன் ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களை அவரிடம் கொடுத்து, தாம் இறந்துவிட்டால் பச்சையப்பன் கல்லூரி சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரி ராஸ் துரையிடமோ சேர்ப்பித்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அவரிடம் இருந்த சொத்து அவ்வளவுதான்.

சிபாரிசுக் கடிதங்கள்

1910-ல் ராமானுஜன் திருக்கோவிலூருக்குப் போனார். அங்கே டிபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி அய்யர் 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை போட்டுத் தர அவரால் முடியும். அதைத்தான் ராமானுஜன் கேட்டார்.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ராமசாமி அய்யர் வேலை தரவில்லை. இப்படிப்பட்ட மூளையை ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்காரவைத்து நசுக்கத் தமக்கு மனம் வரவில்லை என்பது அவருடைய எண்ணம். கடிதம் எழுதிக் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சென்னையில் பிரசிடென்சி கல்லூரி பேராசிரியர் பி.வி. சேஷு அய்யர் இன்னொரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அது நெல்லூர் கலெக்டர் திவான் பகதூர் ஆர். ராமச்சந்திர ராவுக்கு.

கும்பகோணத்திலிருந்து திருக்கோவிலூர், அங்கிருந்து சென்னை, அங்கிருந்து நெல்லூர் என்று இப்படி அலைந்தார். ஒவ்வொரு இடத்திலும் மரியாதை கிடைத்தது, பாராட்டு கிடைத்தது, கடிதமும் கிடைத்தது. சம்பளம் மட்டும் கிடைக்கவில்லை. வேலை தேடி அலைந்தவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

நெல்லூரில் நடந்தது

ராமச்சந்திர ராவ் கணிதத்தில் ஈடுபாடு உள்ளவர். கணிதச் சங்கத்திலும் இருந்தவர். அவர் முன்னால் வந்து நின்றது குள்ளமான, தடித்த, சவரம் செய்யாத, உடை சுத்தமில்லாத ஓர் உருவம். கண்கள் மட்டும் பிரகாசமாக இருந்தன. நோட்டைப் பார்த்தவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஆள் மேதையா, ஏமாற்றுக்காரனா என்ற சந்தேகமும் தீரவில்லை. பிறகு வரச் சொன்னார்.

மறுபடி வந்தபோது ராமானுஜன் ஒரு நல்ல காரியம் செய்தார். கடினமானதை எடுத்த எடுப்பில் காட்டவில்லை. எளிய முடிவுகள் சிலவற்றை முதலில் விளக்கினார். கலெக்டருக்கு அவை புரிந்தன. புத்தகங்களில் உள்ளதைவிட மேலானவை என்பதும் தெரிந்தது. பிறகு படிப்படியாக மேலே அழைத்துச் சென்று, உலகத்துக்கு அதுவரை தெரியாத தம் கண்டுபிடிப்புகளில் கொண்டுபோய் நிறுத்தினார். ராமச்சந்திர ராவின் சந்தேகம் தீர்ந்தது.

என்ன வேண்டும் என்று கலெக்டர் கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர்ந்து செய்ய, வயிற்றுப்பாட்டுக்கு ஏதாவது வேண்டும் என்றார் ராமானுஜன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

கலெக்டர் நினைத்திருந்தால் நெல்லூர் கச்சேரியில் ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். அவரும் போடவில்லை. இந்த ஊரில் இவரை வைத்துக்கொண்டால் வீணாகிப் போவார், பேராசிரியர்களும் புத்தகங்களும் உள்ள சென்னையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். சென்னைக்குத் திருப்பி அனுப்பி, உபகாரச் சம்பளம் ஏதாவது கிடைக்கும்வரை மாதம் 25 ரூபாய் தம் கைப்பணத்திலிருந்து கொடுத்துவந்தார்.

திருக்கோவிலூரில் மறுத்ததும் நெல்லூரில் மறுத்ததும் ஒரே காரணத்துக்காகத்தான். ஆனால் பாராட்டிவிட்டு வெறுங்கையோடு அனுப்புவதற்கும், மறுத்துவிட்டு மாதாமாதம் பணம் அனுப்புவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நெல்லூர் கலெக்டர் செய்தது இரண்டாவது.

அந்தப் பணத்தில் ராமானுஜன் சென்னையில் கவலையின்றி எழுதினார். 1911-ல் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. ஆனால் எதிர்பார்த்த உபகாரச் சம்பளம் வரவில்லை. ஒருவர் கையை எதிர்பார்த்துக் காலம் தள்ளுவது ராமானுஜனுக்குக் கூச்சமாக இருந்தது. மீண்டும் வேலை தேட ஆரம்பித்தார்.

துறைமுகத்து உத்தியோகம்

1912 தொடக்கத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் 20 ரூபாய் சம்பளத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. சில வாரங்கள்தான் அது நீடித்தது. அங்கே இருக்கும்போதே, 9-2-1912 தேதியிட்டு, திருவல்லிக்கேணி சம்மர் ஹவுஸ் 7-ம் எண் விலாசத்திலிருந்து சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஒரு மனுப் போட்டார்.

அந்த மனு இன்றைக்கும் பேசப்படுகிறது. மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. வரை படித்ததாகவும், எதிர்பாராத சில காரணங்களால் மேலே தொடர முடியவில்லை என்றும், அன்று முதல் முழு நேரத்தையும் கணிதத்தில் செலவிட்டதாகவும், வேலை கொடுத்தால் திருப்தியாகச் செய்ய முடியும் என்றும் எழுதியிருந்தார். பரீட்சையில் தவறியதை நேராகச் சொல்லவில்லை. வேலைக்கு மனுப் போட்ட எவரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள்! பிரசிடென்சி கல்லூரி கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசையும் கூடவே இணைத்திருந்தார். ராமச்சந்திர ராவும் தம்மால் ஆனதைச் செய்தார்.

1912 மார்ச் 1-ந் தேதி கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மூன்றாம் வகுப்பு, நாலாவது கிரேடு. சம்பளம் 30 ரூபாய்.

உத்தியோகம் சிறியது. ஆனால் அமைந்த மேலதிகாரிகள் பெரியவர்கள். தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஓர் இன்ஜினீயர். அவருக்கு அடுத்து ஆபீசை நடத்திய எஸ். நாராயண அய்யர் முன்பு திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். கணிதச் சங்கத்தின் பொக்கிஷதாரரும் அவரே. பகலில் இருவரும் அதிகாரியும் குமாஸ்தாவும். இரவில் நாராயண அய்யர் வீட்டு மாடியில் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் பத்துப் படிகளை இரண்டு படிகளில் தாண்டிவிடுவார். மற்றவர்களுக்குப் புரியும்படி விரித்து எழுதச் சொல்லி நாராயண அய்யர் வற்புறுத்துவார்.

காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாது. சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து அழித்து முழங்கை கறுத்திருந்தது. துறைமுகத்தில் மூட்டைகளிலிருந்து பிரித்துப் போட்ட காகிதத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆபீஸ் வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் கணக்குப் போட்டார். மேலே இருந்தவர்கள் கண்டும் காணாமல் விட்டார்கள்.

சம்பளம் என்று ஒன்று வந்த பிறகுதான் சென்னையில் குடித்தனம் வைக்க முடிந்தது. ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் ஜாகை. தாயாரும் ஜானகியும் வந்து சேர்ந்தார்கள். துறைமுக ஆபீஸ் பக்கத்தில்தான்.

இந்தக் குமாஸ்தாவை என்ன செய்வது என்ற கவலை இப்போது அதிகாரிகளைப் பிடித்துக்கொண்டது. 1912 நவம்பரில் இன்ஜினீயரிங் கல்லூரி பேராசிரியர் கிரிபித் இதுபற்றி ஸ்பிரிங் துரைக்கு எழுதினார். லண்டனில் உள்ள தம் ஆசிரியர் ஹில்லுக்கும் எழுதினார். கேம்பிரிட்ஜுக்குக் கடிதங்கள் போயின. இரண்டு பேராசிரியர்கள் பொருட்படுத்தவில்லை. 16-1-1913 தேதியிட்ட கடிதம் ஹார்டி என்பவருக்குப் போயிற்று. அதில் தம்மைப் பற்றி ராமானுஜன் முதலில் சொல்லியது, தாம் சென்னைத் துறைமுக ஆபீசில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்பதுதான்.

மற்றவை பலருக்கும் தெரிந்த கதை. ஹார்டி பதில் போட்டார். வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தபோது நோட்டுகளைப் பார்த்துச் சர்வகலாசாலைக்கு எழுதினார். 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கிடைத்தது. துறைமுகக் கழகம் அவரை வேலையிலிருந்து விலக்கவில்லை. சம்பளமில்லாத லீவு கொடுத்தது. 17-3-1914 அன்று ‘நெவாசா’ கப்பலில் ஏறினார். வருஷம் 250 பவுன் உதவித் தொகை. அதில் ஒரு பகுதி மாதாமாதம் கும்பகோணத்துக்குப் போய்ச் சேர ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

புகழ் வந்தது, உடம்பு போயிற்று. 1919 ஜனவரியில் இங்கிலாந்தில் நோயாளியாக இருந்தபடி சர்வகலாசாலைக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அளிக்கும் பணத்தில் குடும்பச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அனாதைகளின் படிப்புக்குக் கொடுத்துவிடும்படி அதில் கேட்டிருந்தார். 25 ரூபாய்க்கு நெல்லூர் வரை போன ஞாபகம் அவருக்குப் போகவில்லை போலும். அந்த மார்ச்சில் ஊர் திரும்பினார். 26-4-1920 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

ஜானகி அம்மாளுக்குச் சர்வகலாசாலை மாதம் 20 ரூபாய் பென்ஷன் கொடுத்தது. அது போதவில்லை. பம்பாயில் இருந்த சகோதரரிடம் போய், அங்கே தையல் கற்றுக்கொண்டார். 1931-ல் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் அனுமந்தராயன் கோவில் தெருவில் ஜாகை பிடித்து, துணி தைத்தும், பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தும் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாழ்ந்தார். ஒரு பையனையும் எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தார். 1994 ஏப்ரலில் அவர் மறைந்தார்.