சர்க்கரை வியாதிக்குத் தனி ஆஸ்பத்திரி கண்ட டாக்டர்!

சேலம் ஆனாலும் நாமக்கல் ஆனாலும் பெரியாஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்கள் கூட்டத்தைக் கேட்க வேண்டாம். முன்பெல்லாம் இவர்களுக்கென்று தனிப் பிரிவே கிடையாது. காய்ச்சல், வயிற்றுவலிக்காரர்களோடு சேர்ந்து நிற்க வேண்டியதுதான்.

அதை மாற்றியவர் டாக்டர் எம்.விஸ்வநாதன். 1923ல் பிறந்தவர். 1948ல் சென்னை ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதிக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். பொது ஆஸ்பத்திரியில் இப்படி ஒன்று இந்தியாவிலேயே அதுதான் முதல். அப்போது அவருக்கு வயசு சுமார் 25! (சேலத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்ததே 1986ல்தான்.)

காய்ச்சல் நாலு நாளில் போகும். சர்க்கரை போகாது. கண், கிட்னி, கால் என்று சத்தமில்லாமல் அரிக்கும். செருப்பில்லாமல் வரப்பில் நடக்கிறவருக்கு முள் குத்தினால்கூடத் தெரியாது. புண் முற்றிக் காலையே எடுக்க நேரும். வருஷக்கணக்கில் விடாமல் பார்த்தால்தான் கட்டுக்குள் நிற்கும்.

1954ல் ராயபுரத்தில் ஆஸ்பத்திரி திறந்தார். பின்னாளில் அது சர்க்கரைக்கென்றே ஆனது. சோற்றை அடியோடு விடச் சொல்கிற ரகமில்லை அவர். நார்ச்சத்து அதிகம் உள்ள தானியம், பருப்பு, காய்கறிச் சாப்பாட்டிலேயே சர்க்கரையை அடக்கலாம் என்று ஆராய்ச்சியில் காட்டினார்.

மகன்கள் மோகன், விஜய் இருவரும் அதே துறைக்கு வந்தார்கள்.

1996ல் விஸ்வநாதன் காலமானார். ராயபுரம் ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது.