மேடை தந்த உருது நாடகாசிரியர் ஆகா ஹஷ்ர் காஷ்மீரி

உருது இலக்கியம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது கசல் கவிதையாகும். அடுத்து வருவது சிறுகதை. நாடகத்தை நினைப்பவர் மிகச் சிலரே. மேடை நாடகங்கள் கட்டணம் செலுத்திக் காண வரும் கூட்டத்திற்காக எழுதப்பெற்றவை என்று கருதி, அவற்றை இலக்கியமாக ஏற்கத் திறனாய்வாளர் பலர் நெடுங்காலம் தயங்கினர். அத்தயக்கத்திற்கு இலக்கானவர்களுள் தலையாயவர் ஆகா ஹஷ்ர் காஷ்மீரி (1879–1935).

பிறப்பும் இளமையும்

இவரது இயற்பெயர் முகம்மது ஷா. காஷ்மீரத்திலிருந்து வந்து காசியில் தங்கிய சால்வை வணிகக் குடும்பத்தில் தோன்றியவர். ‘ஹஷ்ர்’ என்பது அவர் சூடிய புனைபெயர். இறந்தோர் எழுப்பப்பெறும் மறுமை நாளை அது குறிக்கும். அவருடைய முதல் நாடகமாகிய ‘ஆஃப்தாபே முஹப்பத்’ 1897இல் அச்சேறியது. அப்போது அவர் இருபது வயதையும் எட்டவில்லை. நாடக ஆர்வம் விரைவில் அவரைப் பம்பாய்க்கு ஈர்த்தது.

பார்சிக் குழுக்களில்

பம்பாயில் பார்சி வணிகர்கள் நடத்திய குழுக்களில் நாடகாசிரியர் சம்பளம் பெறும் பணியாளரே. கையெழுத்துப் பிரதி குழுவின் உடைமையாகக் கருதப்பட்டது. பாட்டும், நகைச்சுவைக் கிளைக்கதையும், எதுகை நிறைந்த உரையாடலும் இன்றியமையாதன. இக்கட்டுப்பாடுகளுக்குள் நின்றே ஹஷ்ர் தம் ஆற்றலைக் காட்டினார். பின்னர்ச் சொந்தமாகக் குழு நடத்தியும் பார்த்தார், அது நிலைபெறவில்லை. கல்கத்தாவின் மதன் குழுவிலும் பணிபுரிந்தார்.

சேக்சுபியரைத் தழுவி அவர் எழுதிய நாடகங்கள் பெரும்புகழ் ஈட்டின. லியர் மன்னன் கதையைத் தழுவிய ‘சஃபேத் கூன்’ துன்பியலாக முடியாமல் இன்பியலாக முடிகிறது. இதனை மூலத்திற்கு இழைத்த பிழை என்பர் சிலர். ஆனால், 1681இல் நாகும் டேட் என்பவர் இங்கிலாந்திலேயே அந்நாடகத்திற்கு இன்ப முடிவு தந்தார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அவ்வடிவமே அந்நாட்டு மேடையில் கோலோச்சியது. ஆங்கில மேடைக்குப் பொறுக்கும் ஒன்றை உருது மேடைக்கு மட்டும் குற்றமாகச் சாற்றுதல் முறையன்று.

சமய எல்லை கடந்த நாடகங்கள்

அவரது படைப்புகளுள் நெடுநாள் வாழ்ந்தது ‘யஹூதி கீ லட்கி’. உரோமானியர் ஆட்சியில் யூதர் படும் கொடுமையே இதன் களம். யூதர்களை வதைக்கும் உரோம குருவின் காணாமற்போன மகள், தன் பிறப்பறியாமல் யூத முதியவர் ஒருவரின் வளர்ப்பு மகளாகிறாள். அவளைக் கொல்லத் துணியும் குருவுக்கு இறுதியில் உண்மை தெரிகிறது. குருதியால் மனிதரைப் பிரிப்பதன் வெறுமையை இதனினும் கூர்மையாக மேடையில் காட்டுதல் அரிது. இசுலாமியராகிய ஹஷ்ர், ‘பில்வ மங்கள்’, ‘சீதா வனவாசம்’ ஆகிய நாடகங்களை இந்தியில் யாத்தமையும் ஈண்டு நினையத்தக்கது. மேடையில் அவருக்கு மொழியும் சமயமும் வேலிகளாக இருக்கவில்லை.

இறுதிக் காலம்

பேசும் படம் வந்தபின் திரைக்கும் எழுதினார். ‘யஹூதி கீ லட்கி’ 1933இல் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தாரால் படமாக்கப்பெற்றது. 1958இல் பிமல் ராய் ‘யஹூதி’ என்னும் பெயரில் மீண்டும் படமாக்கினார். அதனைக் காண ஹஷ்ர் இல்லை. 1935 ஏப்பிரல் 28ஆம் நாள் இலாகூரில் மறைந்தார்.

பார்சிக் குழுக்களின் இசையும் திரைச்சீலையும் தமிழ் மேடையையும் தொட்டவை. சங்கரதாஸ் சுவாமிகள் போன்றோரின் அருமையை நாமும் காலந்தாழ்த்தியே உணர்ந்தோம். மக்கள் கைதட்டியது ஒரு படைப்பின் குறையாகாது. அக்கைதட்டலுக்கு அப்பால் அது எதைச் சொன்னது என்று ஆராய்வதே நம் கடமை. அங்ஙனம் ஆராய்ந்தால் ஹஷ்ருக்கு உரிய இடம் தானே புலப்படும்.