மூன்று கோயில் எடுத்த குந்தவை

நுழையும்முன்

கோயில் எழுப்பியோர் என்றதும் பேரரசர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. சோழர்காலக் கோயிற் சுவர்களோ அரசியர், வணிகர், ஊரவையினர் ஆகியோரின் கொடைகளையும் தாங்கி நிற்கின்றன. சிவன் கோயில், திருமால் கோயில், சமணப் பள்ளி ஆகிய மூன்றனோடும் பெயர் பிணைந்த சோழகுலப் பெண் ஒருவரின் வாழ்வைக் கல்வெட்டுகளின் துணைகொண்டு அறிவோம்.

பிறப்பும் இழப்பும்

இரண்டாம் பராந்தகன் எனப்படும் சுந்தர சோழனுக்கும் வானவன் மாதேவிக்கும் மகளாகப் பிறந்தவர் குந்தவை. ஆதித்த கரிகாலனும் முதலாம் இராசராசனும் இவருடன் பிறந்தோர். வல்லவரையர் வந்தியத்தேவர் இவருடைய கணவர்.

செல்வம் நிறைந்த இக்குடும்பத்தைத் துயரம் அடுத்தடுத்துச் சூழ்ந்தது. இளவரசன் ஆதித்த கரிகாலன் சூழ்ச்சியால் கொல்லப்பட்டான். மகனை இழந்த சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் உயிர்நீத்தான். வானவன் மாதேவி கணவனோடு தீப்புகுந்தார். அரியணை உத்தம சோழனைச் சேர்ந்தது. கி.பி. 985இல் தம்பி இராசராசன் முடிசூடும்வரை குந்தவை பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அவர்முன் ஒரு சிறந்த முன்மாதிரி இருந்தது. கண்டராதித்தரின் தேவியான செம்பியன் மாதேவி, இளமையிலேயே கணவனை இழந்தும், செங்கல் தளிகளாக இருந்த பழங்கோயில்களைக் கற்றளிகளாக மாற்றும் பணிக்குத் தம் வாழ்வை ஒப்படைத்தவர். அப்பெருமாட்டியின் வழியிலேயே குந்தவையும் நடந்தார்.

ஓரூரில் மூன்று கோயில்கள்

திண்டிவனத்துக்கு அருகிலுள்ள தாதாபுரம், அந்நாளில் இராசராசபுரம் என வழங்கியது. அங்குச் சிவனுக்கு இரவிகுலமாணிக்க ஈசுவரத்தையும், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரையும், அருகனுக்குக் குந்தவைச் சினாலயத்தையும் இவர் எடுப்பித்தார். மூன்று கோயில்களுக்கும் அவர் அளித்த பொன், வெள்ளி, முத்து அணிகலன்கள் ஒரே கல்வெட்டில் இடம்பெற்றுள்ளன. தம் வழிபாடு சிவநெறி சார்ந்ததாயினும், பிற நெறியினரின் வழிபாட்டையும் காப்பது அரசகுடியின் கடமை என்பதை அவர் செயலால் உணர்த்தினார். சைவ, வைணவக் கோயில்கள் இன்றும் அங்கு உள்ளன. சமணக் கோயிலோ அழிந்துபோயிற்று. கல்வெட்டு இல்லையெனில் அப்படியொரு கோயில் இருந்ததையே நாம் அறிந்திருக்க மாட்டோம்.

திருமலைச் சினாலயம்

போளூருக்கு அருகிலுள்ள திருமலை, சமணர் போற்றும் தொன்மையான தலம். மலையடிவாரத்தில் குந்தவையின் பெயர் தாங்கிய சினாலயம் அமைந்துள்ளது. பாறையில் வடிக்கப்பட்ட நேமிநாதரின் பேருருவச் சிலையும், குகையறைகளில் எஞ்சியுள்ள வண்ண ஓவியங்களும் இங்குக் காணத்தக்கவை. முதலாம் இராசேந்திரன் காலத்தில் சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவி இக்கோயிலின் விளக்குக்கும் திருவமுதுக்கும் பொருள் வழங்கியதைப் பாறைக் கல்வெட்டு கூறுகிறது. அரசகுலப் பெண்ணின் பெயரால் அமைந்த கோயிலை வணிகர்குலப் பெண் பேணி வளர்த்தார்.

தஞ்சையில் தமக்கையின் கொடை

216 அடி உயர விமானத்துடன் தஞ்சையில் இராசராசேச்சரத்தை எழுப்பிய மன்னன், கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு ஆணையிட்டான். தன் கொடையை அடுத்துத் தமக்கையின் கொடையையும், அதன் பின்னரே தேவியர் மற்றும் பிறர் கொடைகளையும் வரிசைப்படுத்தினான். தமக்கைமீது அவன் கொண்ட பெருமதிப்பை இவ்வரிசையே காட்டும்.

குந்தவை உமா பரமேசுவரியின் செப்புத் திருமேனிகளை இக்கோயிலுக்கு அளித்தார். அவற்றுடன் தம் தந்தைக்கும் தாய்க்கும் படிமங்கள் செய்வித்து வழிபாட்டுக்கு வழிவகுத்தார். ஒருங்கே மறைந்த பெற்றோரை மகள் மீண்டும் ஒருங்கே நிலைபெறச் செய்தார்.

அணிகலன்களைப் பதிவுசெய்த முறை வியப்பளிக்கிறது. பொன் ஆடவல்லான் என்னும் எடைக்கல்லாலும், மணிகள் பதித்த நகைகள் தட்சிணமேருவிடங்கன் என்னும் எடைக்கல்லாலும் நிறுக்கப்பட்டன. முத்துகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து என வகைப்படுத்தப்பட்டன. அவற்றின் குறைகளும் மறைக்கப்படவில்லை.

முதல் குறையாத அறம்

படிமம் செய்வித்தால் மட்டும் வழிபாடு நடைபெறாது என்பதைக் குந்தவை உணர்ந்திருந்தார். எனவே, காசுகளை ஊரவைகளிடம் முதலாக ஒப்படைத்தார். ஆண்டுதோறும் ஒரு காசுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, கோயிலுக்குச் சேர வேண்டும். முதல் ஊரவையிடம் இருக்கும். வட்டியால் வழிபாடும் விழாவும் நடைபெறும். பிணியுற்றோருக்கென அமைந்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர் சாலைக்கும் நிலம் வழங்கினார். இவ்வாறு தந்தையின் பெயர் தாங்கிய மருத்துவமனையும் அவருடைய அறத்தால் பயன்பெற்றது.

நிலைத்த பெயர்

இராசராசன் தன் மகளுக்குக் குந்தவை எனத் தமக்கையின் பெயரையே சூட்டினான். கல்கியின் பொன்னியின் செல்வன் புதினம் வாயிலாக இவரை அறிந்தோர் பலர். புதினம் காட்டும் குந்தவை அரசியலறிவு மிக்கவர். கல்வெட்டு காட்டும் குந்தவையோ இழப்புகளை அறங்களாக மாற்றியவர். இவர் எடுப்பித்த கோயில்களுள் ஒன்று மண்ணில் மறைந்துவிட்டது. எஞ்சியவற்றின் சுவர்களையும் எழுத்துகளையும் சிதையாமல் காப்பது, அவற்றைப் படித்தறியும் தலைமுறையின் கடமையாகும்.

தெரியுமா?

சமணப் பள்ளிகளுக்கும் பௌத்தப் பள்ளிகளுக்கும் வழங்கப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் எனப்பட்டது. இந்துக் கோயில்களுக்கு வழங்கப்பட்ட நிலம் தேவதானம் எனப்பட்டது.