ஒலிநாடாக்களில் வாழும் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங்

ஜாஸ் இசையை உலகெங்கும் கொண்டு சென்ற டிரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ரோங், தான் 1900 ஜூலை 4ஆம் திகதி பிறந்ததாகவே சொல்லி வந்தார். அவர் மறைந்த பின்னர், 1980களில்தான், நியூ ஓர்லியன்ஸ் தேவாலயம் ஒன்றின் ஞானஸ்நானப் பதிவேட்டில் 1901 ஓகஸ்ட் 4 என்ற உண்மையான திகதி கண்டெடுக்கப்பட்டது. வறிய கறுப்பினக் குழந்தைகளின் வாழ்க்கையை யாரும் பெரிதாகக் குறித்து வைக்காத காலம் அது.

தந்தை சிறு வயதிலேயே கைவிட்டுப் போனார். லூயிஸ் நிலக்கரி வண்டியில் வேலை செய்தார். புதுவருட இரவொன்றில் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டதற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த வாத்தியக் குழுவில்தான் முறையாகக் கோர்னெட் பழகினார். 1922இல் கிங் ஒலிவர் அழைக்க சிக்காகோ சென்றார். அதன் பின் வந்த புகழை உலகே அறியும்.

எனக்கு வியப்பளிப்பது அவரது இன்னொரு பழக்கம். பயணங்களில் தட்டச்சுப்பொறியையும், பிற்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவியையும் கூடவே கொண்டு போனார். நண்பர்களோடு சொன்ன பகிடிகள், மனைவி லூசிலுடனான வீட்டுப் பேச்சு, விரும்பிய இசைத்தட்டுகள் எல்லாவற்றையும் நாடாவில் பதிந்தார். நாடாப் பெட்டிகளின் மேல் புகைப்படங்களையும் பத்திரிகைத் துண்டுகளையும் வெட்டி ஒட்டினார். நூற்றுக்கணக்கான நாடாக்கள் சேர்ந்தன. நோயுற்று வீட்டிலிருந்த கடைசி ஆண்டுகளிலும் அவற்றுக்கு இலக்கமிட்டுப் பட்டியல் எழுதினார்.

அவரது மேடைச் சிரிப்பைப் பார்த்து, வெள்ளையரை மகிழ்விப்பவர் என்று இளைய கலைஞர்கள் சிலர் குறை கூறினர். ஆனால் 1957இல் லிட்டில் றொக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பாடசாலைக்குள் நுழையாதபடி ஆளுநர் படையினரை நிறுத்தியபோது, ஆம்ஸ்ட்ரோங் ஆளுநரையும் ஜனாதிபதியையும் வெளிப்படையாகக் கண்டித்தார். அரசின் சார்பில் செல்லவிருந்த சோவியத் பயணத்தையும் மறுத்தார். அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் எங்கள் வயதையொத்த பெண்பிள்ளைகள். மேடையில் காட்டாத அந்தக் கோபம் அவரது நாடாக்களிலும் பதிந்திருக்கிறது. அவை இல்லாவிட்டால் சிரிப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும்.

1971 ஜூலை 6இல், நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியிலிருந்த தன் வீட்டில் காலமானார். லூசிலும் 1983இல் மறைந்தார். நாடாக்கள், கடிதங்கள், படங்கள் யாவும் குயீன்ஸ் கல்லூரியில் ஒழுங்குபடுத்தப்பட்டு, 1994இல் சுவடிக்கூடமாகத் திறக்கப்பட்டன. 2003 முதல் அந்த வீடு அருங்காட்சியகம். சுற்றிப் பார்க்க வருவோருக்கு, அவர் வீட்டிலிருந்து பதிந்த குரலை அறைகளில் ஒலிக்கவிடுகிறார்கள்.